ரீபோர் பண்ணப்புறம் திணறுன புல்லட்டும் ஆவாரம்பாளையம் ஷெட்டும்

பழைய காஸ்ட் அயன் (வார்ப்பிரும்பு சிலிண்டர் இன்ஜின்) புல்லட் வச்சிருந்து, இன்ஜின் வேலை பார்த்துட்டு வந்தப்புறம் வண்டி முன்ன மாதிரி ஓடலையேன்னு யாராவது அலைஞ்சுட்டு இருந்தீங்கன்னா, கோயம்புத்தூர் ஆவாரம்பாளையம் பக்கம் இருக்கற இந்த ஷெட்டுக்கு ஒரு தடவை வண்டிய கொண்டு போங்க. கடைக்கு போர்டு கிடையாது, பேரும் கிடையாது. லேத்து பட்டறைங்க வரிசையா இருக்கற ஒரு சந்துல தகர கூரை போட்ட ஷெட், உள்ள எப்பவும் ரெண்டு வண்டி, ரெண்டே ரெண்டு வண்டிதான், நிக்கும். மெக்கானிக் அண்ணனுக்கு அறுபது வயசு தாண்டியிருக்கும். பேரும் நம்பரும் எங்கயும் போட வேண்டாம் கண்ணுன்னு கேட்டுக்கிட்டாரு, அதனால போடல. அந்த சந்துல எந்த லேத்துல வேணா போய் புல்லட் அண்ணன் ஷெட்டு எதுங்கன்னு கேட்டா கை காட்டிருவாங்க.

வண்டி எங்க அப்பாவோடது. 1989 மாடல் புல்லட் 350, எய்ச்சர் கம்பெனி என்ஃபீல்டை வாங்கினது 1994ல, அதுக்கும் முந்தின வண்டி. வலது கால்ல கியர், இடது கால்ல பிரேக், நாலு கியர், பிளாட்டினம் பாயிண்ட் இக்னிஷன் (திறந்து மூடி பிளக்குக்கு தீப்பொறி அனுப்பற சின்ன ஸ்விட்ச்சுதான் பாயிண்ட்), எல்லாம் அப்படியே ஒரிஜினலா இருக்கு. அப்பா அதை ஸ்டார்ட் பண்ற விதத்தை சின்ன வயசுலருந்து பார்த்திருக்கேன். சாவிய போட்டுட்டு ஹெட்லைட்டுக்கு மேல இருக்கற ஆம்பியர் மீட்டரை பார்ப்பாரு, கிக்கரை மெதுவா அழுத்தி முள்ளு நடுவுக்கு வர்ற வரைக்கும் கொண்டு வருவாரு, அப்புறம் டிகாம்ப்ரஸரை (சிலிண்டர்ல இருக்கற அழுத்தத்தை வெளிய விடற லிவர்) புடிச்சு ஒரு சின்ன தள்ளு, விட்டுட்டு ஒரே உதை. எடுத்துக்கும். ஒரு உதை, மிஞ்சிப்போனா ரெண்டு.

போன வருஷம் புகை அதிகமாயிடுச்சு, ஆயில் குடிக்க ஆரம்பிச்சுது, சரின்னு ரீபோர் (தேஞ்ச சிலிண்டரை உள்ள கடைஞ்சு புது பிஸ்டன் போடறது) பண்ண கொடுத்தோம். எந்த கடைன்னு சொல்ல விரும்பல, வேலை மோசம்னும் சொல்ல மாட்டேன், போரும் பிஸ்டனும் நல்லாத்தான் பண்ணியிருந்தாங்க, அத பின்னாடி நம்ம அண்ணனே சொன்னாரு. ஆனா வண்டி வீட்டுக்கு வந்த நாள்லருந்து வேற வண்டியா இருந்துச்சு. காலைல பத்து பதினஞ்சு உதை, சில சமயம் கிக்கர் திருப்பி அடிக்கும், ஸ்டார்ட் ஆனப்புறம் ஸ்லோல (ஆக்ஸிலேட்டர் தராதப்ப ஓடற வேகத்துல) நிக்காது, ஏறும் இறங்கும் ஏறும் இறங்கும், நாற்பதுக்கு மேல போனா இழுவையே இல்ல, ஆக்ஸிலேட்டர முறுக்க முறுக்க சத்தம் மட்டும் வருது. எல்லாத்தையும் விட பயமா இருந்தது என்னன்னா, ஒரு நாள் சாயங்காலம் அவினாசி ரோட்டுல சிக்னல்ல நிக்கறப்ப கீழ பார்த்தா சைலன்சர் பெண்ட் பைப்பு, சிலிண்டருக்கு மேல மூடி மாதிரி இருக்கற ஹெட்லருந்து வெளிய வர்ற இடத்துல, மங்கலா செவந்து போய் இருந்துச்சு. அப்பாகிட்ட காட்டல. வீட்டுக்கு வந்து ஆறட்டும்னு அப்படியே விட்டுட்டேன். மறுநாள் பார்த்தா பைப்பு முழுக்க நீல நிறம் ஏறிருந்துச்சு.

அப்புறம் நாலு மாசம் நான் அலைஞ்ச அலைச்சல் இருக்கே. மூணு கடை. ஒருத்தர் பிளக்கை மாத்துனாரு. இன்னொருத்தர் கார்பரேட்டரை பிரிச்சு கழுவிட்டு பெட்ரோல் பத்தலைன்னு மெயின் ஜெட்டை (பெட்ரோல் போற அளவு துளை) பெருசு போட்டாரு, அதுல கொஞ்சம் நல்லா இருக்கற மாதிரி தெரிஞ்சுது, ரெண்டு நாள்ல பழையபடி. மூணாவது ஆள் இக்னிஷன் காயிலே போச்சுன்னு புதுசு மாத்தினாரு. எல்லாம் சேர்ந்து ஆறாயிரத்துக்கு மேல போச்சு. கடைசில ஒருத்தர் இது பழைய வண்டிங்க, இப்படித்தான் இருக்கும், வித்துட்டு புதுசு எடுங்கன்னு சொன்னாரு. அப்பா பக்கத்துலதான் நின்னுட்டு இருந்தாரு, ஒண்ணும் பேசல, அன்னிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவும் இல்ல.

நம்ம ஷெட்டுக்கு அனுப்பினது, ரீபோருக்கு முந்தி வண்டியோட சிலிண்டரை பார்த்த ஒரு லேத்துக்காரர். போனதும் அண்ணன் வண்டிய தொடவே இல்ல. என்னை உக்கார வச்சு டீ சொன்னாரு. மொத கேள்வி, "ஏங் கண்ணு, இன்ஜின் வேலைல எதெதெல்லாம் கழட்டுனாங்க? அதை மட்டும் சொல்லு." நான் திணறுது, சூடாகுது, பெண்ட் செவக்குதுன்னு ஆரம்பிச்சேன். "அது அப்புறம் கண்ணு. நல்லா ஓடுன வண்டி, வேலை பார்த்தப்புறம் கெட்டுச்சுன்னா, கை பட்ட எடத்துலதான் கோளாறு இருக்கும். கை படாத எடத்தை ஏன் நோண்டோணும்?" எனக்கு தெரிஞ்சத சொன்னேன், ஹெட்டு கழட்டினாங்க, சிலிண்டர், பிஸ்டன், கார்பரேட்டர் கழட்டி மாட்டினாங்க, ஆயில் பம்பு பார்க்கணும்னு வலது பக்கம் டைமிங் கவரையும் (வால்வையும் பாயிண்ட்டையும் ஓட்டற பல்சக்கரங்களோட மூடி) திறந்தாங்க. டைமிங் கவர்னு சொன்னதும் அவர் தலைய ஆட்டினாரு, ஒண்ணும் சொல்லல. நான் நாலு மாசத்துல பார்த்த எந்த மெக்கானிக்கும் இந்த கேள்விய கேக்கல, அதான் எனக்கு ஆச்சரியம்.

இந்த ரிவ்யூ எழுதறதுக்கு காரணமே அவர் பார்த்த வரிசைதான், அதனால அதை கொஞ்சம் விரிவாவே எழுதறேன், இதே தொந்தரவு இருக்கறவங்களுக்கு உதவும்.

மொதல்ல டிகாம்ப்ரஸர் கேபிள். அதுல கொஞ்சம் லூஸ் இருக்கணும், டைட்டா இருந்தா அந்த சின்ன வால்வு முழுசா மூடாது, கம்ப்ரஷன் கசிஞ்சுட்டே இருக்கும். ஹெட்டை கழட்டி மாட்டறப்ப இதை இழுத்து கட்டிடுவாங்களாம். நம்ம வண்டில அது சரியா இருந்துச்சு. அடுத்து டேப்பட், அதாவது வால்வை திறக்கற புஷ் ராடுங்கற கம்பிக்கு விடற இடைவெளி. சிலிண்டர் பக்கத்துல இருக்கற சின்ன மூடிய கழட்டி, இன்ஜின் ஜில்லுனு இருக்கறப்ப, பிஸ்டன் கம்ப்ரஷன்ல மேல நிக்கறப்ப, புஷ் ராடை ரெண்டு விரல்ல உருட்டச் சொன்னாரு, என்னையே உருட்டச் சொன்னாரு. ஈஸியா உருளணும், ஆனா மேல கீழ ஆட்டம் இருக்கக்கூடாது, அதுதான் அளவு. இன்டேக் பக்கம் உருண்டுச்சு. எக்ஸாஸ்ட் பக்கம் புடிச்ச புடி, உருளவே இல்ல. காரணம் சொன்னாரு: ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல புது ஹெட் பேக்கிங் போட்டா கொஞ்ச தூரம் ஓடினதும் அது அமுங்கும், ஹெட்டு மயிரிழை கீழ இறங்கும், டேப்பட்ல இருந்த இடைவெளி காணாம போயிடும், வால்வு முழுசா உக்காராது. அதனாலதான் இன்ஜின் வேலை முடிஞ்சு ஒரு முன்னூறு கிலோமீட்டர்ல திரும்ப கொண்டு வந்து ஹெட் நட்டை இறுக்கி டேப்பட் பார்க்கணும். எனக்கு யாரும் அதை சொல்லி அனுப்பல. அப்படியே இன்னும் ஆறு மாசம் ஓட்டியிருந்தா வால்வே கருகியிருக்கும்னாரு.

அடுத்து பாயிண்ட். இங்கதான் நேரம் எடுத்துக்கிட்டாரு. பாயிண்ட் கேப்பு 0.35லருந்து 0.40 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும், இடைவெளி அளக்கற ஃபீலர் கேஜை விட்டு பார்த்தா 0.20தான் நுழைஞ்சுது. கேப்பை சரி பண்ணாம டைமிங் (தீப்பொறி வர்ற நேரம்) பார்க்கக் கூடாதாம், ஏன்னா கேப்பு கூடினா பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், கொறைஞ்சா லேட்டா திறக்கும், கேப்பை அப்புறமா தொட்டா வச்ச டைமிங் மாறிரும். கேப்பு வச்சதும் பிளக்கை கழட்டிட்டு அந்த ஓட்டை வழியா ஒரு சைக்கிள் ஸ்போக்கை விட்டாரு, வண்டிய டாப் கியர்ல போட்டு பின் சக்கரத்தை கையால மெதுவா சுத்தச் சொன்னாரு. நான் சக்கரத்தை சுத்தறேன், ஸ்போக்கு மேல ஏறுது, அவர் கண்ணு மட்டும் ஆம்பியர் மீட்டர்ல. சாவி போட்டிருக்கறப்ப பாயிண்ட் மூடியிருந்தா முள்ளு டிஸ்சார்ஜ் பக்கம் கொஞ்சம் சாஞ்சு நிக்கும், பாயிண்ட் திறந்த நொடி நடுவுக்கு வந்துரும். அப்பா முப்பது வருஷமா ஸ்டார்ட் பண்றப்ப பார்த்துட்டு இருந்த அதே முள்ளு. அதுதான் டைமிங்கையும் காட்டுதுன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, மனசுக்குள்ள என்னமோ பண்ணுச்சு.

பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்கு 0.8 மில்லிமீட்டர் முன்னாடியே பாயிண்ட் திறக்கணும். நம்ம வண்டில முள்ளு நடுவுக்கு வந்தப்ப ஸ்போக்கு உச்சிய தாண்டி கீழ இறங்க ஆரம்பிச்சிருந்துச்சு. அதாவது வெடிக்க வேண்டிய நேரம் தாண்டித்தான் தீப்பொறியே வருது. பெண்ட் ஏன் செவந்துச்சுன்னு அப்பதான் புரிஞ்சுது: லேட்டா பத்த வச்சா பெட்ரோல் சிலிண்டருக்குள்ள எரிஞ்சு முடியறதுக்குள்ள எக்ஸாஸ்ட் வால்வு திறந்துரும், மிச்சம் பைப்புக்குள்ள போய் எரியும், பிஸ்டனை தள்ள வேண்டிய வேகம் எல்லாம் பைப்பை சூடாக்கறதுல போயிரும். இழுவை இல்லாததும் அதனாலதான், சூடும் அதனாலதான். இதுக்கு ஜெட்டை பெருசு போட்டு என்ன ஆகப் போகுது.

பாயிண்ட் பிளேட்டை திருப்பி சரி பண்ண பார்த்தாரு, பிளேட்டு திரும்பற வரைக்கும் திருப்பியும் பத்தல. "உள்ள கழட்டுன ஆளு கண்ணளவுல மாட்டிட்டான்"னு சொன்னாரு. ஆயிலை இறக்கிட்டு டைமிங் கவரை திறந்தாரு. உள்ள அட்வான்ஸ் யூனிட், வேகம் கூடக் கூட டைமிங்கை தானா முன்னாடி கொண்டு போறது, கூம்பு மாதிரி ஒரு டேப்பர்ல உக்கார்ந்திருக்கும், நடு போல்ட்டை விட்டுட்டா எந்த பக்கம் வேணா சுத்தும், கழட்டினா அளந்துதான் மாட்டணும். அதுல ரெண்டு சின்ன வெயிட்டு இருக்கு, விரல்ல விரிச்சு விட்டா ஸ்பிரிங் இழுத்து டக்குனு மூடணும். ஒண்ணு மூடிச்சு, இன்னொண்ணு பழைய ஆயில் பிசினா ஒட்டிக்கிட்டு பாதில நின்னுருச்சு. அதை கழட்டி மண்ணெண்ணெய்ல கழுவி, பின்னுக்கு ஒரு சொட்டு ஆயில் விட்டு, நாலஞ்சு தடவை விரிச்சு விட்டுப் பார்த்தாரு. கேம் கியர்ல இருக்கற புள்ளி எல்லாம் நேருக்கு நேர் இருக்கான்னும் டார்ச் அடிச்சு பார்த்தாரு, அது சரியா இருந்துச்சு, அதை தொடல. திரும்ப மாட்டினப்புறம் ஹெட்டுல வால்வை அமுத்தற ராக்கருக்கு போற ஆயில் பைப்போட போல்ட்டை கொஞ்சம் லூஸ் பண்ணி, மேல ஆயில் ஏறி வருதான்னு பார்த்துட்டுத்தான் வண்டிய ஓட விட்டாரு. டைமிங் கவரை திறந்து மூடறவங்க இதை விடவே கூடாதுன்னு ரெண்டு தடவை சொன்னாரு, ஆயில் ஏறலைன்னா செஞ்ச ரீபோரே வீணாயிரும்.

இவ்வளவு ஆனப்புறம் வண்டி ரெண்டாவது உதைல எடுத்துச்சு. சத்தமே மாறிருச்சு, அடில இருந்து வர்ற அந்த தும் தும். ஆனா ஸ்லோ மட்டும் இன்னும் ஏறி இறங்கிட்டே இருந்துச்சு. அண்ணன் ஆயில் கேனை எடுத்து, கார்பரேட்டரும் ஹெட்டும் சேர்ற இடத்துல சுத்தி ரெண்டு மூணு சொட்டு விட்டாரு. ஆயில் பட்ட நொடில ஸ்லோ நின்னு ஓட ஆரம்பிச்சுது, ஒரு பத்து செகண்டு, அப்புறம் பழையபடி. அங்க காத்து இழுக்குதுன்னு அர்த்தம். கழட்டி பார்த்தா கார்பரேட்டரோட முகம் வளைஞ்சிருந்துச்சு, நட்டை கண்டபடி இறுக்குனா அப்படி ஆகுமாம். ஒரு கண்ணாடி துண்டு மேல எமரி பேப்பரை விரிச்சு, எட்டு எட்டா தேய்ச்சு தேய்ச்சு, அரை மணி நேரம், மட்டம் கொண்டு வந்து புது பேக்கிங் வச்சு மாட்டினாரு. கார்பரேட்டர் டியூனிங்கை அப்பதான், எல்லாம் முடிஞ்சப்புறம், தொட்டாரு. பழைய ஜெட்டே திரும்ப வந்துச்சு (நல்ல வேளை அதை நான் டூல் பாக்ஸ்ல போட்டு வச்சிருந்தேன்), ஏர் ஸ்க்ரூவ காதை வச்சு கேட்டுக் கேட்டு வச்சாரு. கார்பரேட்டரை கழுவின கடை ஆரம்பிச்ச இடத்துல இவர் வந்து முடிச்சாரு.

புது பாயிண்ட் செட்டும் கண்டன்சரும் (பாயிண்ட்ல பொறி பறந்து கருகாம பார்த்துக்கறது) மாத்தச் சொன்னாரு, ஆனா நான் வாங்கிட்டு போன மொத கண்டன்சரை போட மாட்டேன்னுட்டாரு. மார்க்கெட்ல கிடைக்கறதுல பாதி டூப்ளிகேட், சூடானதும் வேலைய காட்டும், வண்டி மிஸ்ஃபயர் அடிக்கும், ஆறினதும் நல்லா ஓடும், மறுபடி கார்பரேட்டரை பிரிப்பீங்கன்னு சொன்னாரு. பழைய ஸ்டாக் ஒண்ணை எங்கிருந்தோ வரவழைச்சு போட்டாரு.

கூலி 2,200 ரூபாய், சாமான் எல்லாம் சேர்ந்து 1,100 ரூபாய் சொச்சம். முன்னாடி தண்டமா போன காசுல பாதி. முன்னூறு கிலோமீட்டர் ஓடினதும் திரும்ப வரச் சொல்லி, இன்ஜின் ஆறியிருக்கறப்ப ஹெட் நட்டை குறுக்கும் நெடுக்குமா இறுக்கி, டேப்பட்டை மறுபடி பார்த்து விட்டாரு, அதுக்கு காசு வாங்கல. புது பிஸ்டன் இன்னும் பழகல, ஐநூறு கிலோமீட்டர் வரைக்கும் ஐம்பதை தாண்டாத, ஒரே வேகத்துல ரொம்ப நேரம் போகாதன்னு எழுதியே கொடுத்தாரு.

குறைகளையும் சொல்லணும். மூணு நாள்ல தர்றேன்னு சொன்ன வண்டி ஒன்பது நாள் ஆச்சு. போன் பண்ணா எடுக்க மாட்டாரு, நேர்ல போய்த்தான் கேக்கணும், ஆபீஸ் போறவங்களுக்கு இது பெரிய கஷ்டம். பில்லு கிடையாது, ஒரு துண்டு சீட்டுல கணக்கு எழுதி கொடுப்பாரு. வயரிங், பெயிண்ட், நிக்கல் எதுவும் பார்க்க மாட்டாரு. பிந்தி வந்த யூசிஇ இன்ஜின் (இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே கூடுல இருக்கறது) புல்லட்டை வேலைக்கு எடுக்கவே மாட்டாரு, காஸ்ட் அயன் மட்டும்தான். டேப்பட் மூடில லேசா ஆயில் கசிவு இருந்துச்சு, மொத தடவை நிக்கல, ரெண்டாவது தடவை போய்த்தான் நின்னுச்சு. அவசர வேலைக்கு இந்த இடம் ஆகாது. ஆனா வண்டிய விட்டுட்டு போயிடாதீங்க, முடிஞ்சா ஒரு நாள் லீவு போட்டுட்டு கூடவே உக்காருங்க, அவர் கேக்காமலே எல்லாம் சொல்லிக் கொடுப்பாரு, உங்க கையாலயே செய்ய விடுவாரு. எங்கயும் எனக்கு இது கிடைச்சதில்ல.

ஐநூறு முடிஞ்சதும் போன மாசம் அப்பாவை பின்னாடி உக்கார வச்சுட்டு வால்பாறை போனேன். பொள்ளாச்சி வரைக்கும் அறுபதுல ஒரே சீரா போச்சு. ஆழியாறு தாண்டி மலை ஏற ஆரம்பிச்சா மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவு, ரெண்டாள் பாரம், ரெண்டாவது மூணாவது கியர்லயே போகணும், வண்டிக்கு உண்மையான பரீட்சை அங்கதான். 9வது வளைவுல லோம்ஸ் வியூ பாயிண்ட்ல நிறுத்தினேன், நிறுத்தினதும் மொத வேலையா குனிஞ்சு பெண்ட் பைப்பை பார்த்தேன். சூடு இருந்துச்சு, செவப்பு இல்ல. கீழ ஆழியாறு அணை தெரிஞ்சுது, ரோட்டோர பாறைல ரெண்டு வரையாடு நின்னுச்சு. கிளம்பறப்ப அப்பா, நீ தள்ளிக்கோ, நான் ஸ்டார்ட் பண்றேன்னாரு. எழுபத்திரண்டு வயசு, முட்டி வலி வேற, வேண்டாம்ப்பான்னேன், கேக்கல. முள்ளை நடுவுக்கு கொண்டு வந்தாரு, டிகாம்ப்ரஸரை புடிச்சு ஒரு தள்ளு, விட்டுட்டு ஒரே உதை. எடுத்துக்கிச்சு.

ஷெட்டு காலைல ஒன்பதரைக்கு திறக்கும், சாயங்காலம் ஆறு மணி வரைக்கும், ஞாயித்துக்கிழமை லீவு. போறப்ப பழைய ஜெட்டு, பழைய பாயிண்ட்டு, கழட்டின சாமான் எதுவா இருந்தாலும் தூக்கி போடாம ஒரு டப்பால போட்டு கையோட எடுத்துட்டு போங்க, இன்ஜின்ல எதெதெல்லாம் கழட்டினாங்கன்னு ஏற்கனவே வேலை பார்த்த கடைல கேட்டு எழுதிட்டும் போங்க. மொத கேள்வி அதுதான் வரும்.